மிச்சிகன் மேசைகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடக்கே, ஐம்பெரும் ஏரிகளில் நான்கின் அலைகள் வந்து மோதும் மிச்சிகன் மாநிலத்தில், செப்டம்பர் மாதக் கடைசியில், மேப்பிள் மரங்களின் உச்சிக் கிளைகள் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்த சமயத்தில் நான் பிரயாணம் செய்தேன். அந்தப் பிரதேசத்தின் வனப்பைப் பற்றியும் டெட்ராயிட் நகரத்து மோட்டார்த் தொழிலைப் பற்றியும் நம்மவர் பலர் எழுதியிருக்கிறார்கள். என் சிந்தையைக் கவர்ந்ததோ மிகச் சாமானியமான ஒரு பொருள். மடித்தால் கையில் தூக்கிப் போகத்தக்கதாகவும், விரித்தால் நால்வர் அமர்ந்து உண்ணத்தக்கதாகவும், புரட்டினால் ஆட்டப் பலகையாகவும் ஆகிவிடுகிற மேசை. திறந்த வெளியில் அதைப் போட்டுக்கொண்டு, பாட்டன் முதல் பேரன் வரையில் சுற்றிநின்று விளையாடுகிற வழக்கம் அந்த ஜனங்களிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறதென்பதை நேரில் கண்டவர்களே அறிவார்கள்.

ஆன் ஆர்பர் என்னும் பல்கலைக்கழக நகரத்தில் 1927-இல் கட்டப்பட்ட பேரரங்கம் ஒன்று இருக்கிறது. பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதன் பிரம்மாண்டம் புலப்படாது. உள்ளே 1,07,601 பேர் அமரலாம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடைபெறும் சனிக்கிழமைகளில், ஆட்டம் பிற்பகலில்தான் என்றாலும், காலையிலேயே ஜனங்கள் கார்களில் வந்து குவிந்துவிடுகிறார்கள். அரங்கத்துக்கு எதிரே இருக்கும் உயர்நிலைப் பள்ளியின் மைதானமும், அடுத்திருக்கும் கோல்ஃப் மைதானத்தின் புல்வெளியும் அன்றைக்கு ஒரு தற்காலிகக் கிராமமாக மாறுகின்றன. கார்களின் பின்கதவுகள் திறக்கப்படுகின்றன, அடுப்புகள் பற்றவைக்கப்படுகின்றன, நீலமும் மஞ்சளுமான சட்டைகள் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகின்றன, அப்புறம் ஒவ்வொரு காரிலிருந்தும் தவறாமல் இறங்குகிறது ஒரு மடிப்பு மேசை.

அங்கே என்னை அழைத்துச் சென்றவன் என் அக்காள் மகன். மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் பொறியாளனாக இருந்துகொண்டு, ஆன் ஆர்பருக்கும் டெட்ராயிட்டுக்கும் நடுவிலுள்ள கான்ட்டன் என்னும் ஊரில் குடியிருக்கிறான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆகவே புல்வெளியில் இறைச்சி வாட்டும் புகைக்கு நடுவே எங்கள் பக்கத்திலிருந்து புளியோதரையின் மணம் எழுந்ததை யாரும் விநோதமாகக் கருதவில்லை.

எங்கும் ஆடப்பட்ட ஆட்டம் கார்ன்ஹோல். இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் உள்ள ஒரு பலகை, பின்பக்கம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சாய்ந்து நிற்கும். அதன் மேற்பகுதியில் ஆறங்குல விட்டமுள்ள குழி ஒன்று. அதைப் போன்ற இன்னொரு பலகை 27 அடி தூரத்தில் எதிரே இருக்கும். ஏறக்குறைய ஒரு ராத்தல் எடையுள்ள சதுரத் துணிப்பைகளை, ஆளுக்கு நான்காக, மாற்றி மாற்றி எறியவேண்டும். பை குழியில் விழுந்தால் மூன்று புள்ளி, பலகைமேல் தங்கினால் ஒரு புள்ளி. இரு பக்கத்தாரின் புள்ளிகளையும் ஒன்றுக்கொன்று கழித்து, எஞ்சியதை மட்டுமே அதிகம் எடுத்தவர் கணக்கில் சேர்ப்பார்கள். 21 எடுத்தவர் வென்றார். முற்காலத்தில் பைக்குள் மக்காச்சோள மணிகளை அடைத்தார்கள். மழையில் நனைந்தால் ஊறுவதும், எலிகள் கடிப்பதும், நாளடைவில் மாவாகிப் போவதுமாக இருந்ததனால் இப்போது பிளாஸ்டிக் மணிகளை இடுகிறார்கள். சின்சினாட்டி நகரத்து மேற்குப் பகுதியில் செழித்து அங்கிருந்து பரவிய ஆட்டம் இது என்று சொல்லப்படுகிறது. ஆயினும் 1883-ஆம் ஆண்டிலேயே சாய்பலகையில் துளையிட்டுப் பை எறியும் ஆட்டமொன்றுக்கு ஹெய்லிகர் டி விண்ட் என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். அது வீட்டுக் கூடத்துக்குள் ஆடுவதற்கென்று வகுக்கப்பட்டது. கூடத்துக்குள் பிறந்த ஆட்டம் இன்று கோல்ஃப் மைதானத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நானும் ஆடினேன். "கையை ஓங்கி வீசாதீங்க மாமா. பை தட்டையா, சுத்திக்கிட்டே போகணும். பலகையில பட்டதும் தானே வழுக்கிக்கிட்டுப் போய்க் குழியில விழும்" என்றான் அக்காள் மகன். மூன்றாவது பை சொன்னபடி கேட்டது.

அடுத்த கூட்டத்தில் வாலிபர்கள் எட்டடி நீளமும் இரண்டடி அகலமுமான ஓர் அலுமினிய மேசையைச் சுற்றி நின்றார்கள். இரு முனைகளிலும் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பைகள் பத்துப் பத்தாக முக்கோண வடிவில் அடுக்கப்பட்டிருந்தன. எதிர்முனையிலிருந்து டேபிள் டென்னிஸ் பந்தை எறிந்து கோப்பைக்குள் விழச் செய்யவேண்டும். டார்ட்மத் கல்லூரியில் மாணவர்கள் மட்டையும் பந்துமாக ஆடத் தொடங்கிய விளையாட்டு, பிற்பாடு மட்டையை உதறிவிட்டு இந்த ரூபத்தை அடைந்தது. கோப்பையில் பீர் இருப்பது சம்பிரதாயம். நான் பார்த்த கூட்டத்தில் தண்ணீர்தான் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஒருவன் மேசையின் அடியில் இரண்டு கொண்டிகளை நீக்கினான். மேசை மூன்றாக மடிந்தது. கால்கள் உள்ளே பதுங்கின. கைப்பிடி ஒன்று வெளியே வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்தபோது, பிரயாணப் பெட்டியோடு ரயிலுக்குப் போகிறவன் என்றே பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். பிரயாணப் பெட்டிகளுக்குப் பெயர்போன சாம்சனைட் ஸ்தாபனத்தார் ஒரு காலத்தில் சீட்டாட்டத்துக்கான மடிப்பு மேசைகளையும் நாற்காலிகளையும் செய்து விற்றார்கள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே கைத்தொழில்தான். குறைந்த இடத்தில் அடங்கவேண்டும், கொண்டிகள் விசுவாசமாக இருக்கவேண்டும், கைக்குப் பளுவாக இருக்கக்கூடாது.

ஆனால் அன்று நான் கண்ட மேசைகளுக்குள் சிரேஷ்டமானது கடையில் வாங்கியதன்று. அக்காள் மகனின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தச்சர், தம் கையாலேயே செய்திருந்தது. அதை அவர் எனக்கு மிகுந்த பொறுமையோடு பிரித்துக் காட்டினார். கடையில் விற்கும் பிளைவுட் தகடு எட்டடிக்கு நான்கடி. அதிலிருந்து இரண்டடிக்கு நான்கடியாகச் சேதாரமில்லாமல் நான்கு பலகைகள் கிடைக்கும். கார்ன்ஹோல் பலகையின் அளவு அதுவே. இரண்டு பலகைகளைத் தனித்தனியே சாய்த்து நிறுத்தினால் பையெறியும் ஆட்டம். நுனியோடு நுனி சேர்த்து நிறுத்தினால் எட்டடிக்கு இரண்டடி, அதாவது கோப்பை ஆட்டத்துக்கு விதிக்கப்பட்ட அதே அளவு. பக்கத்தோடு பக்கம் சேர்த்தால் நான்கடிச் சதுரம், நால்வர் அமர்ந்து சீட்டாடவோ சாப்பிடவோ போதுமானது. பையாட்டத்தையும் கோப்பை ஆட்டத்தையும் வகுத்தவர்கள் ஒருவரையொருவர் கண்டவர்களல்லர். இருந்தும் இரு ஆட்டங்களின் அளவுகளும் இவ்வளவு சரியாகப் பொருந்துவதற்கு அந்த மரக்கடைத் தகடே காரணம் என்பது தச்சருடைய அபிப்பிராயம். அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அவருடைய வேலைத்திறனில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பலகை மேசையாகும்போது குழி என்ன ஆவது? குழியை அறுத்தபோது கழிந்த வட்டத் துண்டை அவர் எறிந்துவிடவில்லை. பலகையின் அடியில் குழியைச் சுற்றி மெல்லிய விளிம்பு ஒன்று ஒட்டி, அதன்மேல் அந்த வட்டத்தை உட்காரவைத்திருந்தார். ரம்பத்தின் வாய் தின்றுவிட்ட இடைவெளியை நிரப்ப, வட்டத்தின் ஓரம் முழுவதும் பச்சைக் கம்பளித் துணி நாடா ஓடியது. துண்டைத் திருப்பிவைத்தால் மரத்தின் ரேகைகூட விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். மேடு பள்ளம் தட்டவில்லை. சாய்வுக்கு வேண்டிய குட்டைக் கால்கள் சட்டத்துக்குள் மடிந்து ஒளிந்துகொள்ள, மேசைக்கு வேண்டிய இரும்புக் குழாய்க் கால்கள் திருகி மாட்டும்படியாக இருந்தன. ஒரு பொருள் பல காரியங்களுக்கு உதவும்போது எந்தக் காரியத்துக்கும் அரைகுறையாகவே உதவும் என்பது நான் கொண்டிருந்த எண்ணம். அந்த மேசை அதை மாற்றிற்று.

இதே நாட்டில், நியூயார்க் மாநிலத்தின் மேற்கே ஆர்ச்சர்ட் பார்க் என்னும் ஊரில், பஃபலோ அணியின் அபிமானிகள் ஆட்டத்துக்கு முன் உத்ஸாக மிகுதியால் இத்தகைய மடிப்பு மேசைகளின்மீது குதித்து அவற்றை உடைப்பதை ஒரு சடங்காகவே கொண்டிருக்கிறார்கள் என்று தச்சர் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது. எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஊரார் சாப்பிட்ட பலகையை மிதிக்கலாகாது.

இரண்டு நாட்களுக்குப் பின் மேற்கே புறப்பட்டோம். ஆன் ஆர்பரிலிருந்து மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள லுடிங்டனுக்குக் காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சாலை வரவர ஒடுங்கி, தொழிற்சாலைகள் மறைந்து, சோளக்கொல்லைகளும் ஆப்பிள் தோட்டங்களும் வந்து, கடைசியில் இருபுறமும் காடு சூழ்ந்துகொள்கிறது. பத்தாம் எண் நெடுஞ்சாலை லுடிங்டனில் தண்ணீரைக் கண்டும் முடிந்துவிடுவதில்லை. 1953-இல் ஓடத் தொடங்கிய 'பேட்ஜர்' என்னும் நீராவிக் கப்பலில் கார்களோடு ஏறி, 60 மைல் ஏரியைக் கடந்து, விஸ்கான்சின் மாநிலத்து மனிடோவாக்கில் மறுபடியும் சாலையாகிறது. நிலக்கரியால் ஓடும் கப்பல் அது. நாங்கள் லுடிங்டனைப் பார்க்கவே போனோம், கப்பலேறவில்லை.

அந்த ஊருக்கு நான் போக விரும்பியதற்குக் காரணம் ஹென்றி ஹாஸ்கெல் என்ற மனிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லுடிங்டன் மரவியாபார நகரம். உள்நாட்டுக் காடுகளிலிருந்து வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி, பியர் மார்க்கெட் ஆற்றில் மிதக்கவிட்டு, ஏரிக்கரை ஆலைகளில் அறுத்துச் சிகாகோ முதலிய நகரங்களுக்குக் கப்பலேற்றினார்கள். வெட்டினார்கள் என்பதைவிட மொட்டையடித்தார்கள் என்பதே பொருத்தம். ஒரே மனித ஆயுளுக்குள் பெருமரங்கள் தீர்ந்துபோயின. அறுப்பு வேலை குன்றத் தொடங்கிய அந்த நூற்றாண்டின் இறுதியில்தான், ஞாயிற்றுப்பள்ளி ஆசிரியராகவும் இருந்த ஹாஸ்கெல், பில்லியர்ட்ஸ் கூடங்களில் பொழுதைப் போக்கிக் கெட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு வீட்டிலேயே ஆடத்தக்க ஆட்டமொன்று கொடுக்கவேண்டும் என்று கருதி, நான்கு மூலைகளிலும் வலைப்பைகள் தொங்கும் சதுரப் பலகை ஒன்றை உருவாக்கினார். அதற்குப் பெயர் கேரம். அவர் தொடங்கிய தொழிலால் அந்தச் சிற்றூரின் பெயர் அமெரிக்க வீடுகளின் பரண்களிலும் திண்ணைகளிலும் இடம் பெற்றது.

ஹாஸ்கெல் செய்ததன் மகிமையை உணரவேண்டுமானால் பில்லியர்ட்ஸ் மேசையை நினைத்துப் பார்க்கவேண்டும். கற்பலகைமேல் பச்சைக் கம்பளம் விரித்த, பல நூறு கிலோ எடையுள்ள அந்த மேசையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது. அதற்கென்று கட்டடம் வேண்டும், கட்டடத்துக்குச் சொந்தக்காரன் வேண்டும், அவனுக்கு மணிக்கணக்கில் கூலி வேண்டும். ஆகவே அந்த ஆட்டம் செல்வந்தர் மாளிகையிலோ காசு வாங்கும் கூடத்திலோ மட்டுமே வாழ முடிந்தது. எந்த ஆட்டம் ஜனங்களுடையதாக ஆகிறது என்பதை அதன் விதிகளைக் காட்டிலும் அதன் பாரமே நிர்ணயிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரு கைகள் தூக்கக்கூடிய அளவுக்கு ஓர் ஆட்டம் இளைத்துவிட்டால் அது கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்துவிடும்; தெருவுக்கு வந்தபின் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அதில் கலந்துகொள்வதை யாராலும் தடுக்க முடியாது. ஹாஸ்கெல் அந்தப் பாரத்தைத்தான் இறக்கினார்.

ஊரின் பொதுக் கடற்கரை போல விளங்கும் ஸ்டெர்ன்ஸ் பூங்காவுக்கு அன்று மாலை போனோம். வெண்மணல்; அதற்கப்பால் எதிர்க்கரை தெரியாத ஏரி; அதற்குள் நீண்டு செல்லும் அலைத்தடுப்புச் சுவரின் நுனியில் 1924-இல் எழுப்பிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். காற்றுக்கு ஒதுங்கினாற்போல மரத்தடியில் ஒரு முதிய தம்பதியர், நான்கு கால்களும் மடியும் சீட்டாட்ட மேசை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஹாஸ்கெலின் பலகையை வைத்து, பேரப்பிள்ளைகள் இருவரோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தயங்கி நின்றதைக் கண்டு அந்த அம்மையார் தாமே கூப்பிட்டார்.

பலகையைக் கிட்டப் பார்த்தேன். பக்கத்துக்கு 28 அங்குலம். நம்முடைய பலகையின் ஆடுதளம் மட்டுமே 74 சென்டிமீட்டர். இதுவோ சட்டத்தோடு சேர்த்தே 71 சென்டிமீட்டர்தான். நம் காய்கள் வட்டத் தட்டுகள். இங்கே நடுவில் துளையுள்ள வளையங்கள், சிவப்பும் பச்சையுமாக, கறுப்பு ஒன்று தனியாக. விரலாலும் சுண்டலாம், சிறிய கோல்களால் பில்லியர்ட்ஸ் முறையில் தள்ளவும் தள்ளலாம். பவுடர் தூவும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தளத்தில் சதுரங்கக் கட்டங்கள் வரைந்திருந்தன. பெரியவர் வளையங்களை ஒதுக்கிவிட்டுப் பலகையைத் தூக்கிப் புரட்டினார். மறுபுறத்தில் வேறு கோடுகள், வேறு வட்டங்கள், வேறு ஆட்டங்கள். இந்த ஒரே பலகையில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆட விதிப்புத்தகம் வழி சொல்கிறது. தம் தகப்பனாரின் சிறு வயதுப் பலகை அது என்று அவர் சொன்னார். ஓரச் சட்டத்தில் விரல்கள் ஊன்றி ஊன்றி வார்னிஷ் போய், அந்த இடங்களில் மட்டும் மரம் பளபளத்தது. மூலை வலைகளில் ஒன்று நீலநூலால் புதிதாகப் பின்னப்பட்டிருந்தது.

எங்கள் ஊரில் இதை எப்படி ஆடுவார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். வடசென்னைத் தெருக்களில் இரவு விளக்கு வெளிச்சத்தில், கவிழ்த்த பீப்பாயின்மீதோ முக்காலியின்மீதோ பலகையை வைத்து, வேலை முடிந்து வந்தவர்களும் பள்ளி முடிந்து வந்தவர்களும் சுற்றி நின்று ஆடுவதைச் சொன்னேன். சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில்தான் நிறுவப்பட்டது என்பதையும், அந்த நகரத்து மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருது பெற்றதையும் சொன்னேன். 2024 நவம்பரில் அவர்கள் நாட்டிலேயே, சான் பிரான்சிஸ்கோவில், உலகக் கோப்பைப் போட்டி நடந்ததையும், அதில் வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றதையும் அக்காள் மகன் சொன்னபோது, பேத்தி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றுமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

அதன்பின் எங்கள் ஆட்டத்தை ஆடியே காட்டும்படி ஆயிற்று. ஸ்ட்ரைக்கர் இல்லாததால் கனமான வளையமொன்றைத் தேர்ந்துகொண்டோம். சிவப்பும் பச்சையும் எங்கள் வெள்ளையும் கறுப்பும் ஆயின. அவர்களுடைய கறுப்பு வளையம் எங்கள் ரெட்டுக் காயாக நடுவில் அமர்ந்தது. பவுடருக்கு என்ன செய்வது என்று யோசிக்கும் முன்பே அம்மையார் உணவுக்கூடையிலிருந்து சோளமாவுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அக்காள் மகன் நடுவிரலைக் கட்டைவிரலில் ஊன்றிச் சுண்டியதும், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பச்சை வளையம் எதிர்ச்சட்டத்தில் பட்டுத் திரும்பி வலைக்குள் விழுந்தது. பிள்ளைகள் இருவரும் உடனே தங்கள் விரல்களை அப்படி வைத்துப் பழகத் தொடங்கினார்கள்.

ரெட்டைப் போட்டால் அடுத்தாற்போலவே தன் காய் ஒன்றையும் ஃபாலோவாகப் போட்டாகவேண்டும், இல்லாவிட்டால் ரெட் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடும் என்ற விதியைச் சொன்னபோதுதான் ஒரு விவாதம் மூண்டது. சம்பாதித்ததைத் திருப்பிக் கொடுப்பது எந்த நியாயம் என்று பேரன் கேட்டான். பெரியவர் சற்று யோசித்து, அது நல்ல விதி என்றும், அதிர்ஷ்டத்தால் விழுந்த காயையும் திறமையால் விழுந்த காயையும் அது பிரித்துக் காட்டிவிடும் என்றும் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புச் சொன்ன கையோடு அவரே கறுப்பு வளையத்தை வீழ்த்தினார், ஃபாலோ விழவில்லை. பேரன் அதை வலையிலிருந்து எடுத்து, பாட்டனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடுவில் வைத்தான். அப்போது ஏரியின் பக்கம் சங்கு ஒலித்தது. பேட்ஜர் விஸ்கான்சினிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. கரையிலிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்க்கப் போனார்கள். எங்கள் மேசையைவிட்டு யாரும் நகரவில்லை. பேத்தியின் முறை வந்திருந்தது, கறுப்பு வளையம் அவளுக்கு நேராக இருந்தது, அவளுடைய சிவப்பு வளையம் ஒன்று வலைமூலையை ஒட்டி ஃபாலோவுக்கென்றே காத்திருந்தது.